சார்லஸ் நேரில் வருகிறார்

தேவிப்ரியாவுக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எழுதுவாள். திருமயத்தில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே அறை பிடித்து, தனியாளாக சாப்ட்வேர் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்த அறையில் கத்தினாலும் கேட்க ஆள் கிடையாது என்பது வேறு விஷயம்.

அவளுக்குக் கோபம் வரவழைத்த ஆள் சார்லஸ். கட்டுமாவடியில் 'கடலோசை பிராட்பேண்ட்' என்று ஒரு கம்பெனி. கடலோர ஊர்களுக்குக் கம்பி இழுத்து இன்டர்நெட் கொடுக்கிறது. முதலாளி அப்துல் நாசர். சர்வீஸ் முழுக்க சார்லஸ் பொறுப்பு. வாடிக்கையாளர்கள் நாசர் பாயின் வாட்ஸப்புக்குப் புகார் அனுப்புவார்கள். அதைப் பார்த்து ஆபீஸில் ஒருவர் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். கம்ப்யூட்டரில் அதற்கென்றே ஒரு சாப்ட்வேர் இருந்தது. ஒவ்வொரு புகாருக்கும் ஒரு எண் போட்டு, திறந்திருக்கிறதா, முடிந்துவிட்டதா என்று கணக்கு வைத்துக்கொள்ளும். ஆபீஸில் அதற்குப் பெயர் புகார்ப்பெட்டி. வாட்ஸப்பில் வருவது தானாகவே பெட்டிக்குள் போக வேண்டும், பெட்டியில் நடப்பது தானாகவே வாடிக்கையாளருக்குத் தெரிய வேண்டும். இதுதான் நாசர் பாயின் ஆசை.

"அதுக்கு ஒரு லைப்ரரி எழுதணும் பாய்" என்றாள் தேவிப்ரியா.

"லைப்ரரியா? நம்ம கடைக்கு எதுக்கும்மா புஸ்தகம்?"

"புஸ்தகம் இல்ல பாய். புகார்ப்பெட்டிக்கு வெளிவாசல் ஒண்ணு இருக்கு, ஏபிஐம்பாங்க. அந்த வாசல்ல போய் நின்னு, இந்தப் புகாரைச் சேத்துக்க, அந்தப் புகார் என்னாச்சுன்னு சொல்லு, முடிஞ்சதை மறுபடி தொறன்னு முறையாக் கேட்டு வாங்கிட்டு வர்ற ஒரு ஆளு. அந்த ஆளைத்தான் நான் எழுதப்போறேன்."

"ஆளுக்குப் பேரு?"

"தூதுவளை."

நாசர் பாய் சிரித்துவிட்டார். "சளிக்கு ரசம் வைக்கிற கீரையில்லம்மா அது?"

"தொண்டை அடைச்சிருந்தா எடுத்து விடுமே பாய். ஒங்க ஆபீசுக்கும் அதுதானே வேணும்?"

தொண்டை எங்கே அடைத்திருக்கிறது என்று அவளுக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. மாதிரிக்காகச் சில புகார்களை நாசர் பாய் காட்டினார். எதைத் திறந்தாலும் கடைசி வரி ஒன்றுதான்: வாடிக்கையாளர் வீட்டில் இல்லை, புகார் முடிக்கப்பட்டது, சார்லஸ். அந்த வரியை அவர் தட்டச்சு செய்வதுகூட இல்லை. பெட்டியிலேயே தயாராக இருந்த ஒரு பட்டனை அமுக்கினால் போதும். அதில் ஒரு புகார், கால் எலும்பு முறிந்து கட்டிலில் கிடக்கும் ஒருவர் எழுதியது. 'எழுந்திரிக்க முடியாம கெடக்கேன், பொழுது போக நெட்டாவது குடுங்கப்பா' என்று கெஞ்சியிருந்தார். அவரும் வீட்டில் இல்லை என்றுதான் முடிந்திருந்தது.

தேவிப்ரியா சார்லஸுக்குப் போன் போட்டுக் கேட்டாள். "எப்படி சார் அவரு வீட்டுல இல்லாமப் போவாரு?"

"ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம்ல மேடம்?" என்றார் சார்லஸ், அசராமல். "நீங்க கம்ப்யூட்டரப் பாருங்க. கம்பத்த நான் பாத்துக்கிறேன்."

போன் வைக்கப்பட்டது. அவள் எழுத உட்கார்ந்தாள்.

கோபத்தில் எழுதினாலும் வேலை சுத்தம். புகார்ப்பெட்டி ஒரே நேரத்தில் ஐம்பது புகாருக்கு மேல் காட்டாது. அந்த ஐம்பதோடு திருப்தியாகத் திரும்பி வருகிற சோம்பேறி லைப்ரரிகள் நிறைய உண்டு. தூதுவளை அப்படியில்லை. 'அடுத்த பக்கம் இருக்கா?' என்று கேட்டுக் கேட்டு, கடைசிப் பக்கம் வரைக்கும் வாங்கிக்கொண்டுதான் வாசலை விட்டு நகரும். அடுத்தடுத்துக் கேட்டால் பெட்டி 'கொஞ்சம் பொறு' என்று விரட்டும். தூதுவளை கோபித்துக்கொள்ளாமல் பொறுத்திருந்து, மறுபடி அதே இடத்திலிருந்து கேட்கும். பாதியில் விட்டுவிட்டு வருகிற பழக்கமே அதற்குக் கிடையாது. இப்படியொரு ஆளை உருவாக்கியதில் தேவிப்ரியாவுக்கு உள்ளூரப் பெருமை.

இனி சோதித்துப் பார்க்க வேண்டும். புகார்ப்பெட்டிக்கு இரண்டு முகவரி உண்டு. ஒன்று நிஜப் பெட்டி. இன்னொன்று சோதனைப் பெட்டி. அதில் என்ன கூத்தடித்தாலும் வெளியே ஒருவருக்கும் செய்தி போகாது. சோதனைப் பெட்டியின் முகவரியும் சாவியும் சார்லஸிடம் இருந்தன. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவர் நாளைக்கு நாளைக்கு என்றார். கடைசியில் மணமேல்குடியில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது, அவள் தொல்லை தாங்காமல் இடது கையால் போனைத் தடவி, எதையோ எடுத்து அனுப்பிவிட்டு பிரியாணியைக் கவனிக்கப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் தேவிப்ரியா அந்த முகவரியையும் சாவியையும் தூதுவளைக்குள் ஒட்டினாள். அன்று அவள் சோதிக்க வேண்டியது, முடிந்த புகாரை மறுபடி திறக்கும் வேலை. திறந்ததும் வாடிக்கையாளருக்கு ஒரு செய்தி போக வேண்டும். செய்திக்கு ஏதாவது ஒரு வாசகம் தேவை. 'சோதனை' என்று ஒற்றை வார்த்தை போட்டிருந்தால் போதும். ஆனால் கால் முறிந்தவர் அவள் மனசில் வந்து நின்றார். யாருக்கும் போகாத செய்திதானே, நம் வயிற்றெரிச்சலுக்கு ஒரு வடிகால் என்று சிரித்துக்கொண்டே எழுதினாள்:

'உங்கள் புகாரைப் பார்க்காமலேயே முடித்துவிட்டேன், மன்னிக்கவும். இன்று நேரில் வந்து சரிசெய்கிறேன். வீட்டில் காபி போட்டு வைக்கவும். அன்புடன், சார்லஸ்.'

பட்டனைத் தட்டினாள். தூதுவளை கிளம்பியது. முதல் பக்கம் முடிந்தது, இரண்டாவது முடிந்தது. சோதனைப் பெட்டியில் பத்துப் பதினைந்து போலிப் புகார்தானே இருக்கும், இதென்ன பக்கம் பக்கமாகப் போகிறது என்று அவளுக்கு லேசாக உறைத்தது. பெட்டி 'பொறு' என்றது. தூதுவளை பொறுத்தது. பிறகு மறுபடி போனது. இவள் முகவரியை மறுபடி உற்றுப் பார்த்தாள். 'சோதனை' என்று இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. சார்லஸ் அனுப்பியிருந்தது நிஜப் பெட்டி.

அவள் நிறுத்தியபோது தூதுவளை ஏறக்குறைய வேலையை முடித்திருந்தது. அந்த வருஷம் சார்லஸ் மூடிய புகார்கள் எல்லாம் வாயைத் திறந்துகொண்டு நின்றன.

அவள் போனை எடுப்பதற்குள் பதில்கள் வர ஆரம்பித்துவிட்டன. வாட்ஸப் பதிலையும் பெட்டியிலிருந்து எடுத்துவந்து காட்டுகிற வேலையை அவள் முந்தின வாரமே எழுதி முடித்திருந்தாள். அதுவும் ஒரு குறையில்லாமல் ஓடியது.

'எங்க வீட்ல டீதான். பரவாயில்லையா?'

'சார்லஸ் சாருக்குச் சீனி போடலாமா, சுகர் இருக்கா?'

'நாங்க வீடு மாறி கோட்டைப்பட்டினம் வந்துட்டோம். இங்கிட்டு வாங்க, எறால் இருக்கு, சாப்பிட்டே போகலாம்.'

'நான் ஒங்க கனெக்சன விட்டு ஆறு மாசமாச்சு. இருந்தாலும் மன்னிப்புக் கேட்டீங்க பாருங்க, அந்த மனசுக்காக வந்துட்டுப் போங்க.'

கால் முறிந்தவரும் எழுதியிருந்தார். கால் சேர்ந்துவிட்டதாம். தானே பஸ் ஸ்டாண்டுக்கு வந்து கூட்டிப்போவதாகச் சொன்னார்.

தேவிப்ரியா வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. அந்த நேரத்தில் நாசர் பாயின் அழைப்பு வந்தது.

"எங்கம்மா இருக்க? ஒடனே கிளம்பி கட்டுமாவடி வா." அவ்வளவுதான். குரலை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

அறந்தாங்கியில் பஸ் மாறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, என்னென்ன சொல்லலாம் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனாள். முகவரி கொடுத்தது சார்லஸ் என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் காபி கேட்டது யார் என்ற கேள்வி வரும். அதற்கு எந்த ஒத்திகையிலும் விடை கிடைக்கவில்லை.

கடலோசை ஆபீஸ் வாசலில் ஒரே கூட்டம். உள்ளே நாசர் பாய் சார்லஸின் தோளில் கைபோட்டு நின்றுகொண்டிருந்தார். சார்லஸ் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பருமனான ஆள். முகம் வேர்த்து வடிந்தது.

"பாத்தியாம்மா நம்ம சார்லஸ!" என்றார் நாசர் பாய். "காலையில இருந்து எனக்குப் போன் மேல போன். இந்த மாதிரி ஒரு கம்பெனிய பாத்ததில்லங்கிறாங்க. மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்காரு, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. என்னா பெரிய மனசு!"

சார்லஸ் தேவிப்ரியாவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் வறுத்த மீன் மாதிரி அவள் இரண்டு பக்கமும் வெந்தாள். ஆனால் அவர் வாயைத் திறக்கவில்லை. நான் எழுதவில்லை என்று சொன்னால், அப்படியானால் பார்க்காமல் புகாரை மூடினது மட்டும் நீ இல்லையா என்று அடுத்த கேள்வி வரும். அவளும் வாயைத் திறக்கவில்லை. இருவரும் ஒரே கயிற்றில் கட்டிய இரண்டு மாடு மாதிரி நின்றார்கள்.

"இன்னைக்கு எல்லா வீட்டுக்கும் போக முடியாது" என்றார் நாசர் பாய். "முடிஞ்ச மட்டும் போங்க. மிச்சத்துக்கு நாளு குறிச்சு செய்தி அனுப்பிறலாம். பாப்பா, நீயும் சார்லஸ் கூட வேன்ல போ. எந்த வீட்டுல என்ன புகாருன்னு ஒன்னோட கீரை சொல்லும்ல?"

வேன் தெரு திரும்பியதும் சார்லஸ் வாயைத் திறந்தார். "காபியா? காபியா கேட்ட நீ? எனக்கு அல்சரு!"

"முகவரி தப்பாக் குடுத்தது யாரு?"

"பந்தியில ஒக்காந்திருக்கறவன்கிட்ட மெசேஜ் மேல மெசேஜ் போட்டா?"

"ஒரு மாசமாக் கேட்டேன் சார். பந்தி அன்னைக்கு ஒரு நாளுதான்."

சார்லஸ் கியரை மாற்றினார்.

முதல் வீட்டில் பிளக் சரியாகச் செருகப்படவில்லை. அமுக்கியதும் பச்சை விளக்கு எரிந்தது. அதற்கு ஒரு டம்ளர் காபி. இரண்டாவது வீட்டில் நெட் நன்றாகவே ஓடியது. இருந்தாலும் காபி போட்டுவிட்டார்கள். மூன்றாவது வீட்டில் கம்பியை எலி கடித்திருந்தது. சார்லஸ் புதுக் கம்பி இழுத்தார். அவர் ஏணியில் நின்று வேலை செய்வதைத் தேவிப்ரியா அன்றுதான் பார்த்தாள். கை அவ்வளவு சுத்தம். இவ்வளவு தெரிந்த மனுஷன் ஏன் ஆபீஸைவிட்டுக் கிளம்புவதே இல்லை என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. கேட்டும் விட்டாள்.

"போனாத் திட்டுவாங்க மேடம்" என்றார் அவர், ஏணியில் இருந்தபடியே. "நெட்டு போனது எவனாலயோ இருக்கும். வாசல்ல போய் நிக்கிறவன் நானு. ஆரம்பத்துல போய்க்கிட்டுத்தான் இருந்தேன். திட்டு வாங்கி வாங்கி, அந்தப் பட்டனு வசதியாப் போச்சு."

"இன்னைக்கு யாரும் திட்டலையே?"

"இன்னைக்குக் காபில்ல குடுக்குறாங்க. அதுதான் பயமா இருக்கு." நான்காவது வீட்டிலிருந்து அவர் காபியை யாரும் பார்க்காதபோது அவளிடம் தள்ளினார். தண்டனை என்று நினைத்து அவளும் குடித்தாள்.

பொழுது சாயும் நேரத்தில் ரஹ்மத் நிஷாவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். தூதுவளையின் கணக்குப்படி அந்த வருஷம் அதிகப் புகார் கொடுத்தவர் அவர்தான். வீட்டு முன்னறையில் துணிக்கடை வைத்திருந்தார். கடைக்கு வரும் ஆட்களைவிட, இன்ஸ்டாகிராமில் லைவ் போட்டு அவர் புர்காவும் சுடிதாரும் விற்பதைப் பார்க்கிறவர்கள்தான் அதிகம். லைவ் நடுவில் நெட் அறுந்தால் வியாபாரமும் அறுந்தது. அப்படி அறுந்த ஒவ்வொரு நாளும் புகார் எழுதினார். ஒவ்வொரு முறையும் அவர் வீட்டில் இல்லை என்றே முடிந்தது.

வேன் நின்ற சத்தம் கேட்டதும் ரஹ்மத் நிஷா போனைக் கையில் உயர்த்திப் பிடித்தபடி வாசலுக்கு வந்தார். திரையில் அவர் முகம். பின்னால் வேன்.

"மக்களே, வந்துட்டாருங்க! நான் சொன்னேன்ல, கண்ணுலயே காணாத சார்லஸ் அண்ணே, இவருதான். அண்ணே, கேமராவப் பாத்து ஒரு சலாம் சொல்லுங்க. எல்லாரும் பாக்குறாங்க."

சார்லஸ் வேன் கதவைத் திரும்பச் சாத்தப் பார்த்தார். தேவிப்ரியா மறுபக்கத்திலிருந்து முதுகில் கைவைத்துத் தள்ளினாள்.

"நான் வீட்டுல இல்லைன்னு எழுதுனீங்களே அண்ணே, இதே எடத்துல நின்னு லைவ் போட்டுக்கிட்டு இருந்தவ நானு. ஊரே பாத்துச்சு, நீங்க ஒருத்தருதான் பாக்கல!"

"கோவிச்சுக்காதம்மா. மொதல்ல கம்பியப் பாப்போம்" என்றார் சார்லஸ் தழைந்த குரலில். மோடத்தைப் பார்த்தார், சிவப்பு விளக்கு எரிந்தது. கம்பியைப் பின்தொடர்ந்து வீட்டைச் சுற்றிக் கொல்லைப்பக்கம் போனார். ரஹ்மத் நிஷா, சார்லஸைக் காட்டுவதற்காகவே அன்று இரவல் வாங்கிய மொபைல் டேட்டாவில் ஓடிய லைவை விடாமல் பின்னாலேயே போனார். தேவிப்ரியாவும் போனாள்.

கொல்லையில் சார்லஸ் சட்டென்று நின்றார். மதில் சுவரிலிருந்து கம்பத்துக்குப் போகிற கறுப்புக் கம்பியின் மேல், நல்ல கனத்த மீன்வலை ஒன்று ஈரம் சொட்டச் சொட்டத் தொங்கியது. கம்பி பாரம் தாங்காமல் சுவர் முனையில் மடிந்து, கழுத்தைத் திருகிய கோழி மாதிரி வளைந்து கிடந்தது. பக்கத்தில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ரஹ்மத் நிஷாவின் கணவர் ஷேக் பரீது வலையின் இன்னொரு முனையை உதறிக்கொண்டிருந்தார்.

"பாய்" என்றார் சார்லஸ் மெதுவாக. "இது என்னா கயிறுன்னு நினைச்சீங்க?"

"துணி காயப்போடுற கயிறுதானே? நல்ல கயிறுண்ணே. எம்புட்டு பாரம் போட்டாலும் அறுகிறதில்ல."

"இது ஒங்க வீட்டு நெட்டு பாய்! கண்ணாடி நூலு. உள்ள வெளிச்சந்தான் போகுது. இப்படி மடக்கிப் போட்டா வெளிச்சம் எங்கிட்டுப் போகும்?" என்று சொல்லிக்கொண்டே அவர் வலையைத் தூக்கிப் பிடித்தார். தேவிப்ரியா ஓடிப்போய் உள்ளே எட்டிப் பார்த்தாள். பச்சை. அவர் விட்டார். சிவப்பு. மறுபடி தூக்கினார். பச்சை. "பச்சை சார்!" "செவப்பு சார்!" என்று அவள் கத்தக் கத்த, கொல்லையில் விளையாட்டாகிப் போனது.

ரஹ்மத் நிஷா போனை மெல்லக் கணவன் பக்கம் திருப்பினார். "இந்தாங்க, இங்க பாருங்க. வருஷம் பூரா நான் யாரைத் திட்டிக்கிட்டு இருந்தேன், யாரைத் திட்டியிருக்கணும்? கடல்ல போட்டது பத்தாதுன்னு என் யாவாரத்துலயும் வலையைப் போட்டிருக்கீங்க!"

ஷேக் பரீது வலைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார். லைவ் பார்த்தவர்கள் சிரிப்புப் பொம்மைகளாக அனுப்பித் தள்ளினார்கள். ஒருத்தி 'எங்க வீட்லயும் அந்தக் கறுப்புக் கயித்துலதான் போர்வை காயுது' என்று எழுதினாள். ரஹ்மத் நிஷா அதைச் சத்தமாக வாசித்துக் காட்ட, அதற்குப் பிறகு சார்லஸ் கேமரா முன்னால் நின்று, எந்தக் கம்பியில் எதைக் காயப்போடக் கூடாது என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது. முதலில் தயங்கித் தயங்கிப் பேசினார். பிறகு கையை ஆட்டினார். முடிவில் கேள்வி கேட்ட ஒருத்தியை 'நல்லாக் கேட்டம்மா' என்று பாராட்டும் அளவுக்குப் போனார். கிளம்பும்போது ரஹ்மத் நிஷா அவர் மனைவிக்கு ஒரு சுடிதார் துணியைக் கொடுத்துவிட்டார்.

"இருந்தாலும் ஒண்ணு சொல்லணும் சார்" என்றாள் தேவிப்ரியா, வேனில் ஏறியதும். "மொத புகாருக்கே நீங்க வந்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்."

"தெரியுது, தெரியுது" என்றார் சார்லஸ். பிறகு தானாகச் சிரித்தார். "அந்தாளு மொகத்தப் பாத்தீங்களா மேடம்?"

ஆபீஸுக்குத் திரும்பியபோது நாசர் பாய் போனில் அந்த லைவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சார்லஸைப் பக்கத்துக் கடைக்கு அனுப்பி மோர் குடித்துவிட்டு வரச் சொன்னார். அவர் போனதும் தேவிப்ரியா பக்கம் திரும்பினார்.

"நல்ல தமிழும்மா ஒனக்கு."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பாய்?"

"சார்லஸ் எங்கிட்ட பதினேழு வருஷமா இருக்கான். லீவு லெட்டர்ல 'விடுமுறை'ங்கிற வார்த்தைய இதுவரைக்கும் ஒழுங்கா எழுதினதில்ல. அந்த மெசேஜ்ல ஒரு பிழை இல்ல. மொத போன் வந்தப்பவே தெரியும்."

"அப்ப ஏன் பாய் அவரைப் பாராட்டினீங்க?"

"திட்டுனா அவன் ராஜினாமா எழுதுவான், அதையும் தப்பாத்தான் எழுதுவான். பாராட்டுனா வேற வழி? போய்த்தானே ஆகணும்?" என்று கண்ணைச் சிமிட்டினார். உடனே முகத்தைக் கண்டிப்பாக்கிக்கொண்டார். "ஆனா இனிமே என் சனங்களுக்கு ஒரு செய்தி போறதா இருந்தா, எங்கிட்டக் கேட்காம ஒன் கீரை வாசப்படி தாண்டக் கூடாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது பாய்." அவள் குனிந்த தலை நிமிரவில்லை. காதெல்லாம் சூடாக இருந்தது.

அந்த வாரமே அவள் தூதுவளைக்கு ஒரு கடிவாளம் போட்டாள். நிஜப் பெட்டி என்றால் அது வாசலிலேயே நின்று, 'இது நிஜம். இத்தனை பேருக்குப் போகும். அனுப்பவா?' என்று கேட்கும். பதில் வரும் வரைக்கும் அசையாது. கையோடு கையாக, வீட்டில் இல்லை என்ற பட்டனையும் புகார்ப்பெட்டியிலிருந்து எடுத்துவிட்டாள். நாசர் பாயிடம் கேட்டுத்தான்.

அதற்குச் சார்லஸ் சண்டைக்கு வந்தார். "நெசமாவே சில பேரு வீட்டுல இருக்கிறதில்ல மேடம். போய் நின்னுட்டு வாரேன். அதுக்கு நான் என்னா எழுதுறது?"

"எழுத வேணாம் சார். போட்டோ எடுத்துப் போடுங்க."

தூதுவளைக்குப் படம் சுமக்கத் தெரியாது. அதைச் சொல்லிக் கொடுக்க அவளுக்கு இரண்டு நாள் பிடித்தது. மூன்றாம் நாள் முதல் படம் வந்து விழுந்தது. பூட்டிய கதவு, அதற்கு முன்னால் விறைப்பாக நிற்கும் சார்லஸ், அவர் சட்டை நுனியை மென்றுகொண்டிருக்கும் ஒரு ஆடு. கீழே அவரே தட்டிய வரி: 'வீடு பூட்டி இறுக்கு. ஆடு மட்டும் இறுக்கு.'

தேவிப்ரியா அதைத் திருத்தவில்லை. அப்படியே அனுப்ப அனுமதி கேட்டு நாசர் பாய்க்குத் தள்ளிவிட்டாள்.